ஸ்பானிஷில் ‘தெரியும்’: ஸபேரா, கொனொஸேரா?

பதில் தெரியும், நீச்சல் தெரியும், மரியாவைத் தெரியும். தமிழில் மூன்றுக்கும் ஒரே வினைதான். ஸ்பானிஷில் நீச்சலுக்கு ‘ஸபேர்’, மரியாவுக்கு ‘கொனொஸேர்’. பதிலுக்கு இரண்டில் எதுவும் வரும். புதிதாகப் படிக்கிறவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். (இங்கே எழுதியிருப்பது லத்தீன் அமெரிக்க உச்சரிப்பு. மத்ரித்காரர் வாயில் ‘ஸேர்’ என்பது நாக்கு நுனி பல்லைத் தொட்டு ‘தேர்’ போல ஒலிக்கும்.)

பாடப்புத்தகங்கள் ஒரு சூத்திரம் தரும்: தகவலுக்கும் திறமைக்கும் ஸபேர், ஆளுக்கும் ஊருக்கும் கொனொஸேர். முதல் வாரத்துக்கு அது போதும். பிறகு ஒரு கவிதை வந்து அதைக் குலைக்கும். ‘ஸே எல் போயேமா’ என்றால் கவிதை எனக்கு மனப்பாடம். ‘கொனோஸ்கோ எல் போயேமா’ என்றால் அதைப் படித்திருக்கிறேன், பரிச்சயம் உண்டு, அவ்வளவுதான். கவிதை தகவலும் இல்லை, ஆளும் இல்லை. அதனால் நான் வேறு அளவுகோல் வைத்துக்கொண்டேன். கேட்டதும் ஒப்பிக்கவோ செய்துகாட்டவோ முடிந்தால் ஸபேர். பழகியோ நேரில் கண்டோ வந்த பரிச்சயம் என்றால் கொனொஸேர்.

இந்த இரண்டையும் ஆங்கில வழியாகப் படிப்பதைவிடத் தமிழ் வழியாகப் படிப்பது எளிது என்பது என் உறுதியான எண்ணம். ‘நீச்சல் தெரியும், ஆனால் கையில் கட்டு, இன்றைக்கு நீந்த முடியாது’ என்று நாம் யோசிக்காமலே சொல்கிறோம். ஸ்பானிஷ்காரரும் அப்படியே பிரிப்பார்: ‘ஸே நதார், பெரோ ஓய் நோ புவேதோ’. தெரியும் என்பதற்கு ஸபேர், முடியும் என்பதற்கு ‘போதேர்’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே துணைவினையை வைத்துச் சமாளிப்பதால், அந்த வழியாக வருகிறவர்கள் போதேரை எங்கும் போட்டுவிடுகிறார்கள்.

கொனொஸேரிலும் தமிழ் கைகொடுக்கும். ‘படம் பார்த்தேன்’ என்போம், ‘மரியா பார்த்தேன்’ என்று சொல்ல மாட்டோம். ஆள் என்றால் ‘ஐ’ வந்தே ஆக வேண்டும். ஸ்பானிஷில் அந்த ‘ஐ’ செய்யும் வேலையைக் கிட்டத்தட்ட அப்படியே ‘ஆ’ என்ற சிறு சொல் செய்கிறது: ‘கொனோஸ்கோ ஆ மரீயா’. ஊருக்கு அது வேண்டாம், ‘கொனோஸ்கோ லீமா’ போதும். உயர்திணை, அஃறிணை படித்த நமக்கு இது புது இலக்கணமே இல்லை.

லீமாவில் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘லீமா தெரியுமா?’ என்று தமிழில் கேட்டால், ‘தெரியும், பெருவின் தலைநகரம்’ என்று பதில் சொல்லலாம். ‘கொனோஸெஸ் லீமா?’ என்று ஒருவர் கேட்டால், பொதுவாக அவர் கேட்பது ‘போயிருக்கிறாயா?’ என்பதுதான். ஆமாம் என்றால் அடுத்த கேள்வி அங்கே என்னென்ன பார்த்தாய் என்று வரும்.

இறந்தகாலத்தில் இரண்டுமே பொருள் மாறும். ‘கொனொஸீ ஆ மரீயா’ என்றால் மரியா அப்போதுதான் அறிமுகமானாள். ‘கொனொஸீயா ஆ மரீயா’ என்றால் ஏற்கெனவே பழக்கம். ஸபேரிலும் அப்படியே: ‘ஸூபெ’ என்றால் தெரியவந்தது, ‘ஸபீயா’ என்றால் முன்பே தெரிந்திருந்தது.

ஸபேருக்கு மட்டும் இன்னொரு முகம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. அதன் லத்தீன் மூலமான ‘ஸபெரெ’ ருசிப்பதையும் அறிவோடு இருப்பதையும் சேர்த்தே குறித்தது. ருசி இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ‘லா ஸோபா ஸாபெ ஆ ஆஹோ’ என்றால் சூப்பில் பூண்டு ருசி. ருசியைக் குறிக்கும் ‘ஸபோர்’, ஞானியைக் குறிக்கும் ‘ஸாபியோ’ இரண்டும் அதே குடும்பம்.

தமிழர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது இங்கேதான். ‘எனக்குத் தெரியும்’ என்கிற பழக்கத்தில், ‘எனக்கு’ என்பதற்கு ‘மே’ போட்டு ‘மே ஸாபெ’ என்று சொல்லத் தோன்றும். ‘எனக்குப் பிடிக்கும்’ என்பது ‘மே குஸ்தா’ ஆவதால் அந்த ஆசை இன்னும் கூடும். ஆனால் ‘மே ஸாபெ’ என்றால் ஏதோ ஒன்று எனக்கு ருசிக்கிறது என்றுதான் கேட்பவர் காதில் விழும். தெரியும் என்று சொல்ல, ‘நான்’ என்பதற்குரிய வடிவமான ‘ஸே’ வேண்டும்.

எதை முதலில் பழகுவது என்றால், ஸபேர். ‘என்று தெரியும்’, ‘எங்கே என்று தெரியாது’, ‘வருவாரா தெரியவில்லை’ என்று பின்னால் ஒரு முழு வாக்கியம் தொங்கும் இடங்களில் கொனொஸேருக்கு இடமே இல்லை, அன்றாடப் பேச்சில் அப்படிப்பட்ட வாக்கியங்கள்தான் ஏராளம். ‘நோ ஸே’, தெரியாது, என்பதை முதல் நாளே சொல்ல வேண்டியிருக்கும். கொனொஸேர், யாரையாவது சந்திக்கத் தொடங்கும்போது தேவைப்படும்.