கல்லடி வீட்டில் டீஹியூமிடிஃபையர்: சில மாரிகள் ஓட்டிப் பார்த்த பிறகு

காற்றின் ஈரத்தைத் தண்ணீராக்கி எடுக்கிற மெஷினான டீஹியூமிடிஃபையரை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, இறுகச் சாத்தக்கூடிய அறை ஒன்று உங்கள் வீட்டில் இருக்கிறதா என்றுதான். இருந்தால் மாரி காலத்தில் அந்த அறைக்குள் இருக்கிற உடுப்பையும் புத்தகத்தையும் இந்த மெஷின் காப்பாற்றித் தரும். இல்லையென்றால் மட்டக்களப்புக் காற்று முழுவதையும் பிழிந்து தீர்க்க வேண்டிவரும். அது எந்த மெஷினாலும் ஏலாது.

எங்கள் வீடு கல்லடியில். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். இங்கே வருடம் முழுக்கப் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரிக்குள் கொட்டிவிடும். வாடைக்காற்று கடலின் ஈரத்தை நேரே வீட்டுக்குள் கொண்டுவந்து விடும். அந்த நாட்களில் வீட்டுக்குள் ஈரப்பதன் 85 வீதத்துக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். 70 வீதத்துக்கு மேல் சில நாள் நின்றாலே பூஞ்சணம் வேலையைத் தொடங்கிவிடும். தோல் செருப்பில் பச்சை, அலுமாரியின் பின்பலகையில் வெள்ளை, தலையணையில் புளித்த மணம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் கதை தலைகீழ். மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையை இறக்கிவிட்டு இந்தப் பக்கம் வருகிற காற்று அது. கொடியில் போட்ட சேலை போட்ட கையோடு மொரமொரவென்று காய்ந்துவிடும். ஆகவே எங்கள் மெஷினுக்கு வருடத்தில் பாதிக்கு மேல் விடுமுறை. இதை வாங்குகிற முன்னரே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறையை அடைப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 10 அடிக்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்றால் உள்ளே இருப்பது ஏறத்தாழ 34 கனமீற்றர் காற்று. 28 பாகை வெப்பத்தில் ஒரு கனமீற்றர் காற்று அதிகபட்சம் 27 கிராம் அளவு நீராவியைத்தான் தாங்கும். 85 வீதத்திலிருந்து 60க்கு இறக்க, அந்த அறைக் காற்று முழுவதிலிருந்தும் எடுக்க வேண்டிய தண்ணீர் கால் லீற்றர்கூட இல்லை. ஆனால் மெஷினின் தொட்டியிலிருந்து நாளுக்கு நாள் லீற்றர் கணக்கில் ஊற்றுகிறோமே, அது எங்கிருந்து வருகிறது? கொஞ்சம் மெத்தையிலிருந்தும் புத்தகங்களிலிருந்தும் சுவர்ப்பூச்சிலிருந்தும் வருகிறது. முதல் வாரத்துக்குப் பிறகும் குறையாமல் வருகிறதென்றால் அது இடுக்குகளால் நுழையும் வெளிக்காற்றின் தண்ணீர்.

நம் ஊர் வீடுகள் காற்றோட்டத்துக்காகவே கட்டப்பட்டவை. ஜன்னலுக்கு மேலே துவாரம், சுவருக்கும் கூரைக்கும் இடையே இடைவெளி, கதவுக்கு அடியில் விரல் புகும் சந்து. கோடைக்கு அதுதான் உயிர், அதை நிரந்தரமாகப் பூசி அடைத்துவிடக் கூடாது. நாங்கள் ஓட்டுக்கு அடியில் சீலிங் உள்ள ஓர் அறையைத் தெரிந்தெடுத்து, மேல் துவாரங்களுக்குக் கழற்றிப் பூட்டக்கூடிய மரச்சட்டம் செய்வித்தோம். ஜன்னல் விளிம்புக்கு ஒட்டும் ஸ்பொஞ்ச் பட்டி, கதவின் அடிக்கு ரப்பர் பட்டி. தச்சு வேலை நடக்கும்போது மாமி வாசலில் நின்று, “என்ன மனே, காத்த அடைச்சு வெச்சுப்போட்டு என்னத்தக் காயப் போடப் போற?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. இந்த ஊரில் ஈரத்துக்கு மருந்து காற்றுத்தான் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். வெளிக்காற்றே ஈரமாக வருகிற அந்த மூன்று மாதத்துக்கு மட்டும் அந்தப் பாடம் பொருந்தாது.

அடைப்பதற்கு முன் மெஷின் இரவு முழுக்க ஓடினாலும் அறை 72க்குக் கீழே வரவில்லை. அடைத்த பிறகு அதே மெஷின் மாலைக்குள் 58ஐத் தொட்டது. மெஷினுக்குச் செலவழித்ததோடு பார்த்தால் தச்சு வேலைக்குப் போனது சொற்பம்.

மெஷின் தெரிவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பெட்டியில் ‘நாளுக்கு 12 லீற்றர்’ என்று போட்டிருந்தால், அது எந்த நிலையில் அளந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் 30 பாகை, 80 வீத ஈரம் என்று சிறிய எழுத்தில் இருக்கும். காற்று காயக் காய மெஷினுக்குக் கிடைக்கிற தண்ணீரும் குறையும். 60 வீதத்துக்கு வந்த அறையில் அந்த 12இல் பாதி கிடைத்தாலே நல்ல மெஷின். ஃபிரிட்ஜில் இருப்பதுபோலக் கொம்பிரசர் உள்ளதையே வாங்குங்கள். இணையக் கடைகளில் மலிவாக விற்கிற, கையில் தூக்கிப் போகும் அளவிலான சின்னப் பெட்டிகளுக்குள் கொம்பிரசர் இல்லை. அவை நாள் முழுக்க ஓடிச் சேர்ப்பது ஒரு கிளாஸ் தண்ணீர். அலுமாரித் தட்டுக்கு வேண்டுமானால் உதவும், அறைக்கு உதவாது.

ஈரப்பதன் காட்டும் மீற்றர் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். மெஷினில் தெரிகிற எண் அதன் வாயருகே உள்ள காற்றின் எண், அறை மூலையின் எண் அல்ல. மலிவு மீற்றர்கள் ஐந்து, ஆறு புள்ளி பிசகும். சரிபார்க்க வழி குசினியிலேயே இருக்கிறது. ஒரு போத்தல் மூடியில் கறியுப்பை எடுத்து, சில துளி தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் குழைத்து, மீற்றரோடு சேர்த்து இறுக மூடும் டப்பாவுக்குள் இரவு முழுக்க வையுங்கள். காலையில் மீற்றர் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் மீற்றர் ஐந்து குறைத்துச் சொல்கிறது.

அந்த 75 என்ற எண் எங்கள் சுவர்களின் கதையும்தான். 2004 ஆழிப்பேரலையில் கடல்நீர் ஏறி நின்ற சுவர்கள் இவை. கரையோரத்தில் கடல் மணல் கலந்து பூசிய சுவர்களுக்கும் இதே பாடுதான். காற்றின் ஈரம் 75 வீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு அதில் பாதி ஈரம்கூடத் தேவையில்லை. அதனால்தான் மழை ஒரு துளி படாத உட்சுவரும் மாரியில் வியர்த்து நிற்கிறது. கச்சானில் அதே உப்பு மீண்டும் வெள்ளையாகப் பூக்கிறது.

மெஷின் ஓடத் தொடங்கிய முதல் மாரியில் அந்தச் சுவர் முன்னைவிட அதிகமாகப் பொரிந்து கொட்டியது. பலரும் இதைப் பார்த்து மெஷின் சுவரைக் கெடுக்கிறது என்று நிறுத்திவிடுகிறார்கள். நடப்பது வேறு. ஈரம் 75க்குக் கீழே போகும்போதெல்லாம் உப்பு படிகமாகி விரியும், பூச்சைத் தள்ளும். மெஷினை ஒரு நாள் ஓட்டி இரண்டு நாள் நிறுத்தி விளையாடினால் இந்தத் தள்ளல் திரும்பத் திரும்ப நடக்கும். அளவை 60க்குக் கீழே நிலையாக வைத்திருந்தபோது கொட்டுவது அடங்கியது. பூத்த உப்பை ஈரத்துணியால் துடைக்காமல் காய்ந்த தூரிகையால் தட்டி வெளியே அள்ளினோம். ஈரத்துணி அதைக் கரைத்துத் திரும்பவும் சுவருக்குள்ளேயே அனுப்பிவிடும். முழங்கால் உயரம் வரை பழைய பூச்சைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசியதும் பெரிய விடுதலை. ஆனால் அத்திவாரத்திலிருந்து தண்ணீர் மேலே ஏறுகிற சுவருக்கோ ஒழுகுகிற கூரைக்கோ இது வைத்தியம் இல்லை. அங்கே மெஷினை ஓட்டுவது ஓட்டை வள்ளத்தில் தண்ணீர் இறைப்பதற்குச் சமம்.

பலன் எங்கே அதிகம் என்று கேட்டால், உடுப்புக் காய வைப்பதில். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை மாரியில் இரண்டு நாள் கொடியில் கிடந்து நாறும். இப்போது இரவு அந்த அறையில் கயிறு கட்டிப் போட்டு, தரையில் ஒரு ஃபேனை உடுப்பின் பக்கம் திருப்பிவிட்டு, மெஷினையும் போட்டுக் கதவைச் சாத்தினால் விடிய அயர்ன் பண்ணலாம். ஃபேன் இல்லாமல் மெஷின் மட்டும் ஓடினால் நேரம் இரட்டிப்பாகும். துணியின் மேல் ஒட்டி நிற்கும் ஈரக்காற்றைக் கலைப்பது ஃபேன்தான். மருதமுனைக் கைத்தறிச் சேலைகளும் சாறங்களும் அந்த அறை அலுமாரிக்கே இடம் மாறிவிட்டன.

மகளின் மிருதங்கமும் அங்கேதான். மாரியில் தோல் ஈரத்தைக் குடித்துத் தளர்ந்து சுருதி இறங்கிவிடும், வாரை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துவிடும். 55இல் வைத்த பிறகு அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. ஆனால் 45க்குக் கீழே இறக்காதீர்கள். தோல் வெடிக்கும், பலாக்கட்டையில் கீறல் விழும். கூடுதலாகக் காய்ந்தால் கூடுதல் நல்லது என்று நினைக்கிறவர்கள் வீட்டில் வீணை, வயலின் எதுவும் இருக்கக் கூடாது.

இனி செலவு. எங்கள் மெஷின் ஓடும்போது ஏறத்தாழ 220 வாட்ஸ் எடுக்கிறது. நாளுக்கு எட்டு மணித்தியாலம் என்றால் மாதத்துக்கு 50 யூனிட்டுக்குச் சற்று மேல். தனியாகப் பார்த்தால் பெரிதில்லை. ஆனால் நம் நாட்டு வீட்டுக் கரண்ட் கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 60, 90, 120, 180 என்று ஒவ்வொரு படியைத் தாண்டும்போதும் விலை மாறும். ஏற்கனவே 150 யூனிட் எரிக்கிற வீட்டில் இந்த 50 சேர்ந்தால் கடைசி யூனிட்டுகள் ஆக உயர்ந்த விலைக்குப் போய்விடும். கையில் இருக்கிற பில்லோடு கூட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

பலர் எதிர்பாராதது சூடு. ஏ.சி. போல இதற்கு வெளியே ஒரு பெட்டி கிடையாது. குளிர்ந்த கம்பிச்சுருளில் நீராவியைத் தண்ணீராக்கி, அதே காற்றைச் சூடான சுருள் வழியாக அறைக்குள்ளேயே விடுகிறது. ஒரு லீற்றர் நீராவி தண்ணீராகும்போது வெளிவருகிற வெப்பம் மட்டுமே 0.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம், அதோடு மெஷின் எரிக்கிற கரண்டும் சேரும். சாத்திய அறை இரண்டு, மூன்று பாகை ஏறும். டிசம்பர் இரவில் தாங்கலாம், ஏப்ரலில் அந்த அறைக்குள் நிற்க ஒண்ணாது. ஆள் இல்லாத நேரத்தில் ஓட்டுவதுதான் வசதி. இன்னொன்று: காற்று சூடானாலே, ஒரு துளி தண்ணீர் எடுக்காமலேயே, ஈரப்பதன் எண் பாகைக்கு நான்கு புள்ளி அளவில் இறங்கும். மெஷினை நிறுத்தி அறை குளிர்ந்ததும் எண் திரும்ப ஏறுவதைப் பார்த்துப் பதறாதீர்கள். தொட்டியில் விழுந்த தண்ணீர்தான் உண்மைக் கணக்கு. படுக்கையறையில் ஏற்கனவே ஏ.சி. இருந்தால் அதுவும் ஈரத்தை எடுக்கும், படுக்கிற நேரத்துக்கு இன்னொரு மெஷின் வேண்டாம்.

தொல்லைகளும் உண்டு. மழைக்காலத்தில் கரண்ட் போய் வருவது வழக்கம். எங்கள் மெஷின் கரண்ட் வந்ததும் தானாக எழும்பாது, யாராவது பொத்தானை அமத்த வேண்டும். வாங்கும்போது கடையில் பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பார்த்துவிடுங்கள். தொட்டி நிரம்பினால் நின்றுவிடும், அதனால் பின்பக்கத் துவாரத்தில் ஒரு பைப் செருகிக் குளியலறைக்கு விட்டிருக்கிறோம். மெஷின் பைப்பின் வாயைவிட உயரத்தில் இருக்க வேண்டும், வழியில் பைப் மேலே வளைந்தால் தண்ணீர் தேங்கித் தரையில் வழியும். சத்தம் பழைய ஃபிரிட்ஜின் உறுமல் அளவு. கடற்காற்று அலுமினியத் தகடுகளை அரிப்பதால் அவற்றின் ஓரம் மாவாகத் தொடங்கியிருக்கிறது. கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற வீடுகளில் மெஷின் இன்னும் கொஞ்சக் காலம் கூடுதலாக உழைக்கக்கூடும்.

அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று கேட்காத உறவினர் இல்லை. குடிக்கக் கூடாது. பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் அறையின் தூசியும் சுருளின் உலோகமும் கிருமியும் அதில் இருக்கும். ஓட்டோ ஓட்டுகிற பக்கத்து வீட்டுத் தம்பி பற்றரிக்கு ஊற்ற ஒரு போத்தல் கேட்டார், அதற்கும் கொடுக்கவில்லை. குரோட்டன் செடிக்கும் கழிவறைக்கும் போகிறது.

மெஷின் வாங்காமல் சமாளிக்க நினைத்தால், பூட்டிய அலுமாரிக்குள் கல்சியம் குளோரைட்டுப் பெட்டிகள் நன்றாகவே வேலை செய்யும். சாய்ந்து துணியில் ஊற்றினால்தான் வில்லங்கம். அந்தக் காலத்தில் அலுமாரிக்குள் சின்ன பல்ப் எரிய விட்டதும் வீண் வேலை இல்லை, சூடு ஏற எண் இறங்கும். மாமியின் சாம்பிராணி மணத்தை மறைக்கும், ஈரத்தை மறைக்காது. அதை அவரிடம் சொல்லிப் பார்த்தாயிற்று. இப்போதும் வெள்ளிக்கிழமை புகை போடுகிறார், அந்த நேரத்தில் மெஷினை நிறுத்திவிடுகிறேன், ஃபில்டர் அடைத்துவிடும் என்பதால்.

ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவிக் காயவைத்துப் போடுங்கள். பெப்ரவரி முடிந்து மெஷினை ஒதுக்கிவைக்கும் முன் தொட்டியைக் கழுவி, பைப்பை உதறி, ஃபேன் மட்டும் சில மணித்தியாலம் ஓட விட்டு உள்ளே உள்ள சுருளைக் காயவையுங்கள். ஈரத்தோடு மூடிவைத்தால் அதற்குள்ளேயே பூஞ்சணம் பிடித்து, அடுத்த மாரியில் அந்த மணத்தையே வீட்டுக்குள் ஊதும். படுக்கப்போட்டு வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். காற்று வாங்கும் வாயில் நுளம்புவலைத் துண்டு ஒன்றைக் கட்டிவிடுங்கள், கோடை முழுக்கப் பல்லி குடியிருக்க இதைவிட வசதியான இடம் எங்கள் வீட்டில் வேறு இல்லை.