கலிஃபோர்னியா கேபர்னே: கடைக்கு எடுக்கத் தகுந்த நான்கு பாட்டில்கள்

கேபர்னே சாவிஞான் என்ற கருந்திராட்சையில் செய்யும் கலிஃபோர்னியாவின் விலை உயர்ந்த சிவப்பு ஒயின்களைக் கடைக்கு வாங்கும்போது அதிகம் நடக்கும் தவறு, ஒரே ருசியில் பத்துப் பெயர்களை அடுக்குவது. எல்லாமே விமர்சகர்களிடம் நூற்றுக்கு 95 புள்ளி வாங்கியவை, எல்லாவற்றிலும் கனிந்த பழமும் புது ஓக் பீப்பாயின் வனிலா மணமும்தான். வருகிறவர் தனக்குப் பெயர் தெரிந்ததை எடுத்துக்கொண்டு போய்விடுவார், மற்றவை தூசி படிந்து நிற்கும். ஒவ்வொரு பாட்டிலும் வேறொரு நாக்குக்கானதாக இருந்தால்தான் அலமாரி நகரும்.

முதலில் கேமஸ். கருநிறம், பழுத்த நாவற்பழ ருசி, துவர்ப்பே தெரியாத மென்மை, கடைசியில் லேசான தித்திப்பு. ஒயின் தேர்ந்தவர்களில் பலருக்கு இது பிடிப்பதில்லை. ஆனால் துவர்ப்புக்குப் பயந்து சிவப்பு ஒயினையே தொடாதவர் திரும்பி வந்து கேட்பது இதைத்தான். இருப்பில் எப்போதும் வேண்டும். அதே பெயரில் ‘கலிஃபோர்னியா’ என்று மட்டும் அச்சிட்ட, விலை குறைந்த இன்னொரு பாட்டிலும் உண்டு. பெட்டியை இறக்கும்போதே லேபிளில் ‘நாபா வேலி’ (கலிஃபோர்னியாவின் பெயர்போன ஒயின் பள்ளத்தாக்கு) இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது சில்வர் ஓக், அலெக்சாண்டர் வேலி. இது நாபா அல்ல, பக்கத்து சொனோமா கவுண்டி. அமெரிக்க ஓக்கில் ஊறுவதால் தேங்காயும் சதகுப்பையும் கலந்த ஒரு மணம் வரும். மூக்குக்கு உடனே அடையாளம் தெரியும். அறுவடையாகி ஏறக்குறைய நான்கு ஆண்டு கழித்தே சந்தைக்கு வருவதால் வாங்கிய அன்றே குடிக்கலாம். பரிசுக்கென்று கேட்பவருக்குத் தயங்காமல் கொடுங்கள்.

மூன்றாவது ஃபிராக்ஸ் லீப், நாபாவுக்குள் இருக்கும் ரதர்ஃபோர்ட். கொடிகளுக்குப் பாசனம் கிடையாது, மழை ஈரத்தில்தான் வளர்கின்றன. ஆல்கஹால் பெரும்பாலும் 14 சதவீதத்துக்குள். புளிப்பு உயிரோடு இருப்பதால் சாப்பாட்டோடு இரண்டாவது கிளாஸும் அலுக்காது. நான்கில் எங்கள் தேர்வு இதுவே. பெயரைப் பார்த்து யாரும் எடுக்க மாட்டார்கள், கடைக்காரர் எடுத்துச் சொன்னால்தான் விற்கும்.

நான்காவது டன், ஹவல் மவுண்டன். 1,400 அடிக்கு மேலே, பனிமூட்டம் எட்டாத மலைத் தோட்டங்கள். இளசாகத் திறந்தால் துவர்ப்பு ஈறைப் பிடிக்கும். பத்து ஆண்டாவது கிடக்க வேண்டும். சேமித்து வைப்பவர்களுக்காக ஆறு பாட்டில் போதும். இன்றிரவே குடிக்கப்போகிறவருக்கு இதை விற்றால் அடுத்த நாள் புகார் வரும்.

அறுவடை ஆண்டைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், முக்கியமாக 2020. அந்த ஆண்டுக் காட்டுத்தீயில் பல ஒயினரிகள் சிவப்பு ஒயினே தயாரிக்கவில்லை. புகையிலுள்ள குவாயகால் போன்ற பொருள்கள் திராட்சையின் சர்க்கரையோடு பிணைந்து மணமில்லாமல் ஒளிந்துகொள்ளும். பாட்டிலில் நாளாக ஆகவும், வாயில் உமிழ்நீர் பட்டதும் பிணைப்பு அறுந்து சாம்பல் ருசி கிளம்பும். ஆகவே மோந்து பார்த்து முடிவு செய்வது பயன்படாது. விழுங்கிவிட்டு ஒரு நிமிடம் பொறுத்திருங்கள். 2017 தீ அக்டோபரில் வந்தது, அதற்குள் பெரும்பாலான பழம் பறித்தாகிவிட்டது. 2018, 2019 நம்பி வாங்கலாம். 2021 வறட்சியில் விளைச்சல் குறைந்து சாறு செறிந்தது. 2022 செப்டம்பர் தொடக்கத்தில் கடும் வெயில் அடித்ததால் சிலவற்றில் உலர்திராட்சை வாடை இருக்கும், ருசித்தே வாங்குங்கள். 2023 குளிர்ந்து நிதானமாகப் பழுத்த ஆண்டு.

லேபிளில் ‘கேபர்னே சாவிஞான்’ என்றிருந்தால் 75 சதவீதம் அந்தத் திராட்சை இருந்தால் போதும். ‘நாபா வேலி’ என்றால் 85 சதவீதம் அங்கே விளைந்திருக்க வேண்டும். ஆல்கஹால் 14 சதவீதத்துக்கு மேலிருந்தால் லேபிளில் ஒரு சதவீதம் வரை கூட்டியோ குறைத்தோ போட அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. 14.9 என்று படித்தது உண்மையில் 15.9 ஆகவும் இருக்கலாம், தொண்டையில் எரிகிறதா என்று கவனியுங்கள்.

விநியோகஸ்தர் கொண்டுவரும் மாதிரி பாட்டிலை 18 டிகிரி செல்சியஸில் ருசித்து, பாதியை மூடி வைத்து மறுநாளும் ருசியுங்கள். ஓக் மட்டும் மிஞ்சி பழம் காணாமல் போயிருந்தால் வேண்டாம். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் கெட்டது அந்தக் கார்க். இன்னொரு பாட்டில் கேளுங்கள். பெயர்போன ஒயின் வேண்டுமானால் ஓடாத சரக்கில் ஐந்து பெட்டியும் எடு என்று கட்டாயப்படுத்தினால் மறுத்துவிடுங்கள், அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டமே அதைத் தடுக்கிறது.

கோடையில் லாரியில் வந்த பெட்டியை உடனே பிரியுங்கள். கார்க்கை மூடியிருக்கும் தலைமூடித் தகடு பெரும்பாலும் விரலால் சுழற்றினால் சுழலும். பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தாலோ கார்க் மேலெழுந்திருந்தாலோ சூட்டில் ஒயின் கசிந்திருக்கலாம். ரசீதில் எழுதித் திருப்பி அனுப்புங்கள். பார்வைக்கு ஒன்றை நிறுத்தி வைத்தால் போதும், மீதியை 13 டிகிரியில், வெளிச்சம் படாமல், கார்க் நனையும்படி படுக்க வையுங்கள்.