ரயிலா, ஹாஸ்டலா, ரூமா: இன்ஜினியரிங் நாலு வருஷம் எங்கே இருந்து படிப்பது?

கவுன்சிலிங்கில் சீட் கிடைத்த கையோடு வீட்டில் அடுத்த பேச்சு ஆரம்பித்துவிடும்: தினமும் போய்வருவதா, ஹாஸ்டலில் சேருவதா? நான் மூன்று விதமாகவும் இருந்து பார்த்தவன். முதல் வருஷம் செங்கல்பட்டிலிருந்து மின்ரயில், அடுத்த இரண்டு வருஷம் ஹாஸ்டல், கடைசி வருஷம் நண்பர்களோடு வாடகை ரூம். பெரும்பாலும் செலவுக் கணக்கை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அதைவிட, படிக்கிற பிள்ளைக்கு ஒரு நாளில் எந்த நேரம் மிஞ்சுகிறது, அந்த நேரத்தில் என்ன வேலை ஓடும் என்று பார்ப்பது முக்கியம்.

காரணம் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் 2017 விதிமுறையில் தியரி பாடத்துக்கு இன்டர்னல், அதாவது கல்லூரியே போடும் மார்க் 20, செமஸ்டர் தேர்வு 80. 2021 விதிமுறையில் அது 40, 60 ஆனது. கடைசி வாரம் கண்விழித்துப் படித்துக் கரையேறுவது இப்போது கஷ்டம். வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும். ஆக, தினப்படி வாழ்க்கை ஒழுங்காக ஓடினால்தான் மார்க்.

ரயிலில் போனபோது எனக்கு ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரம், பஸ்ஸையும் சேர்த்து. மாணவர்களுக்கு சீசன் டிக்கெட் பாதி விலை என்பதால் காசு பெரிய பாரமாக இல்லை. நின்றுகொண்டே இரண்டு மார்க் கேள்விகளைப் படித்துவிடலாம். கணக்கு போட முடியாது, லேப் ரெக்கார்டு எழுத முடியாது. இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் என்ற வரைபட வகுப்பு உள்ள நாளில் ஒரு கையில் கோடு போடும் டிராஃப்டர், இன்னொரு கையில் சுருட்டிய ஷீட். தாம்பரத்தில் ஏறும் கூட்டத்தில் அந்த ஷீட் நடுவில் மடங்கிவிடும். இரவு பத்து மணிவரை வரைந்த கோடுகளின் மேல் அந்த மடிப்பு விழுந்திருப்பதைப் பார்த்தால் மனசு விட்டுப்போகும். வீட்டுச் சாப்பாடும் நேரத்துக்குத் தூக்கமும் கிடைத்தது பெரிய வரம்தான். ஆனால் கணக்குக்கு நேரம் போதவில்லை. முதல் அரியர், அதாவது ஃபெயிலாகி மறுபடி எழுத வேண்டிய பாடம், அந்த வருஷம்தான் விழுந்தது.

சரி, ஹாஸ்டலுக்குப் போனால் மூன்று மணி நேரம் லாபம் என்று நினைத்தேன். நேரம் கிடைத்தது, ஆனால் அமைதி கிடைக்கவில்லை. சாயங்காலம் கிரவுண்ட், அப்புறம் மெஸ் வரிசை, அப்புறம் யாராவது ரூமுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். படிக்க உட்காரும்போது மணி பதினொன்று. இரண்டு மணிக்குப் படுத்தால் காலையில் முதல் பீரியட் போய்விடும். கல்லூரிக்குள்ளேயே இருப்பவனுக்கு அட்டெண்டன்ஸ் குறைவது எப்படி என்று வீட்டில் கேட்டார்கள். இப்படித்தான்.

இருந்தாலும் ஹாஸ்டல் தரும் ஒன்றை வேறு எங்கும் பார்க்கவில்லை. அந்தக் கணித அரியருக்கு லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம் என்ற பகுதி எத்தனை முறை படித்தும் ஏறவில்லை. தேர்வுக்கு முந்தின இரவு பக்கத்து ரூம் நண்பன் ஒரு பழைய ஷீட்டின் பின்பக்கத்தில் 13 மார்க் கணக்கு ஒன்றைப் படிப்படியாகப் போட்டுக் காட்டினான். இருபது நிமிஷம்தான். அந்த அரியர் போனது அவனால்தான். சந்தேகம் வந்த நேரத்திலேயே கேட்க ஆள் இருப்பது பெரிய விஷயம். என் அனுபவத்தில் ஹாஸ்டலில் ஓடிய வழி ஒன்றுதான்: வகுப்பு முடிந்ததும் ரூமுக்குப் போகாமல் நேராக லைப்ரரி, இரண்டு மணி நேரம். அதன்பிறகு எது வந்தாலும் நாள் வீணாகாது.

ரூமைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அட்வான்ஸ், தண்ணீர் கேன், கேஸ், பாத்திரம் யார் கழுவுவது என்பது எல்லாம் உங்கள் தலையில். வாரம் ஐந்து நாள் வகுப்பு இருக்கும்போது இது படிப்பைத் தின்றுவிடும். எட்டாவது செமஸ்டரில் பெரும்பாலும் புராஜெக்ட் வேலைதான் என்பதால் எனக்குச் சமாளிக்க முடிந்தது. இரண்டாம் வருஷத்திலேயே ரூம் எடுக்க நினைப்பவர்களைத் தடுக்கவே பார்ப்பேன்.

ஒரு வழிக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்றால் வீடு. அதைத் தாண்டினால், முதல் வருஷமே ஹாஸ்டல். நடுவில் இடம் கேட்டால் கிடைப்பது சிரமம். என் தங்கை இந்த வருஷம் சேர்கிறாள். அவளுக்குப் பயணம் ஐம்பது நிமிஷம்தான். வீட்டிலிருந்தே போகச் சொல்லிவிட்டேன். ஷீட் மடங்காமல் எடுத்துப்போக ஒரு பிளாஸ்டிக் குழாயும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.