அந்தரா கருத்தடை ஊசி: 7 தவணை போட்டுக்கொண்ட பிறகு எழுதுகிறேன்

என் பெரியவளுக்கும் சின்னவனுக்கும் 16 மாதம்தான் இடைவெளி. சின்னவன் எதிர்பாராமல் வந்தவன். அவன்மேல் உயிரையே வைத்திருக்கிறேன், அது வேறு. ஆனால் அந்த வருடம் உடம்பு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஹீமோகுளோபின் 8-க்கு இறங்கியது. எம்.சி. ரோடு துணிக்கடையில் பில் போடும் வேலையும் போனது.

எங்களுக்கு விவரம் தெரியாமல் இல்லை. நிரோத், மாத்திரை, காப்பர் டி எல்லாம் தெரியும். ஆனால் "பால் கொடுக்கிற வரைக்கும் கரு தங்காது" என்று அம்மா சொன்னார், மாமியார் சொன்னார், தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவே சொன்னது. நானும் நம்பினேன்.

அதில் பாதிதான் உண்மை என்று சின்னவன் பிறந்த பிறகு சுகாதார நிலையத்து சிஸ்டர் சொல்லித்தான் தெரிந்தது. குழந்தைக்கு 6 மாதம் ஆகியிருக்கக் கூடாது, தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுத்திருக்கக் கூடாது, மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. நான் 6 மாதம் முடிந்ததும் கேழ்வரகுக் கூழ் ஊட்ட ஆரம்பித்துவிட்டேன். மாதவிலக்கு வரவில்லையே என்று தைரியமாக இருந்தேன். அது வருவதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே கருமுட்டை வெளியே வந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை.

முதல் பிரசவத்தில் கேட்டார்கள்தான். எப்போது? இடுப்பு வலியில் துடித்துக்கொண்டிருந்தபோது, "காப்பர் டி வைக்கட்டுமா?" என்று. வேண்டாம் என்று தலையாட்டினேன். அந்த நேரத்தில் யாரால் யோசிக்க முடியும்? ஏழாம் மாதச் செக்கப்பில் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் ஒருவேளை சரி என்றிருப்பேன்.

சரி, ஊசிக்கு வருகிறேன். அரசு இதை 2017-ல் கொண்டுவந்தது. சுகாதார நிலையத்தில் இலவசம், மூன்று மாதத்துக்கு ஒன்று. சிஸ்டர் கால் மணி நேரம் பேசினார். பி.பி. பார்த்தார். "ஏம்மா, டிபி மாத்திரை ஏதாவது சாப்பிடுறியா?" என்று கேட்டார். எனக்கு இல்லை, ஆனால் எதிர்வீட்டு அக்காவுக்கு இருந்தது. டிபிக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடுமாம். எங்கள் பக்கம் இது எத்தனை பேருக்குத் தெரியும்? மாத்திரையை நம்பும் 100 பேரில் வருடத்துக்கு 7 பேர் வரை கருத்தரிக்கிறார்கள் என்றும் சொன்னார். முக்கியமாக நாள் தவறுவதால்தான். ஊசியில் அது 4 பேர், தேதி தவறாமல் போட்டால் ஒன்றுக்கும் கீழே. இரண்டு கைக்குழந்தைகளோடு தினமும் மாத்திரையை ஞாபகம் வைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஊசியே போதும் என்றேன். பால் குறையவில்லை.

சிரமமும் உண்டு. முதல் மூன்று மாதம் அடிக்கடி லேசாக ரத்தம் பட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் மாதவிலக்கே நின்றது. மறுபடியும் தங்கிவிட்டதோ என்று ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. மறுநாள் சிறுநீர்ப் பரிசோதனை செய்து, ஊசியால் இப்படி ஆகும், கெட்ட ரத்தம் எதுவும் உள்ளே சேரவில்லை என்று விளக்கினார்கள். எடை 2 கிலோ கூடியது. சீக்கிரமே அடுத்த குழந்தை வேண்டும் என்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்: கடைசி ஊசிக்குப் பிறகு கருத்தரிக்க 7 முதல் 10 மாதம் ஆகலாம். பால்வினை நோயை இது தடுக்காது, அதற்கு நிரோத்தான்.

நிலையத்தின்மேல் எனக்கு இரண்டு குறை. வராந்தா பெஞ்சில் நாலு பேர் காதில் விழ, "குடும்பக் கட்டுப்பாடு ஊசி யாருக்கு?" என்று கூப்பிடுகிறார்கள். கூச்சப்பட்டு எழுந்து போன ஒரு பெண்ணை நானே பார்த்தேன். திரும்பி வந்தாளா தெரியவில்லை. இன்னொன்று, நாலாவது ஊசிக்குப் போனபோது ஸ்டாக் இல்லை. 10 நாள் கழித்துத்தான் போட்டார்கள். தேதி தாண்டி 4 வாரம் வரை போடலாம் என்பதால் தப்பித்தேன். இது தெரியாதவள் "போச்சு" என்று விட்டிருப்பாள்.

நாத்தனாருக்குப் போன வாரம் பெண் குழந்தை. பால் கொடுக்கிறவர்களுக்கு இந்த ஊசியை 6 வாரம் முடிந்துதான் போடுவார்கள். காலண்டரில் அந்த நாளை வட்டமிட்டு வைத்திருக்கிறேன். நானே கூடப் போவேன்.