கல்லடியில் கடல்நீர்த் தொட்டி: ஒரு வருடத்துக்கு மேலான அனுபவம்

நான் வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறேன். வீட்டிலிருந்து மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரை நடந்து போகும் தூரம்தான். தொட்டியைப் பார்க்க வருகிறவர்களும் "உங்களுக்குத் தண்ணீர்ச் செலவே இல்லை" என்றுதான் சொல்கிறார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது உண்மை. மாரியில் முகத்துவாரம் திறந்து வாவி வெள்ளம் கடலில் விழும்போது கரையோர நீர் கலங்கி, உவர்த்தன்மையும் இறங்கிவிடும். தொட்டிக்குத் தேவை ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு. மாரியில் அள்ளிய தண்ணீர் என் கருவியில் 30ஐக்கூடத் தொடவில்லை. அந்தக் காலத்துக்கு, பையில் விற்கும் செயற்கைக் கடலுப்பை வாங்கி வைப்பதே புத்தி.

உப்பை அளக்க, ஒளி முறிவைக் கொண்டு அளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். ஊசி ஆடும் பிளாஸ்டிக் கருவியில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே அளவு மாறிவிடும். ரிஃப்ராக்டோமீட்டரையும் வெறும் தண்ணீரில் மட்டும் சரிபார்க்காமல், 35க்கென விற்கும் நியமக் கரைசலில் சரிபார்க்க வேண்டும்.

மீன்கழிவிலிருந்து வரும் நச்சு அமோனியாவை நைத்திரைற்றாகவும், பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியா தொட்டியில் முதலில் வளர வேண்டும். அதை வளர்க்க மீனைப் பலி கொடுக்கத் தேவையில்லை. அமோனியம் குளோரைட்டை லீற்றருக்கு 2 மில்லிகிராம் அமோனியா என்ற அளவில் விட்டேன். அது 24 மணி நேரத்துக்குள் அமோனியாவாகவும் நைத்திரைற்றாகவும் மிஞ்சாமல் தீர்ந்தால் தொட்டி தயார். போத்தல் பற்றீரியா உதவும்தான். ஆனால் அது உயிருள்ள பொருள். வெயில் படும் கடைத் தட்டில் கிடந்த போத்தலுக்கு நான் காசு கொடுக்க மாட்டேன்.

நைத்திரைற்று வாரக்கணக்கில் உயர்ந்தே நிற்கும். பதற வேண்டாம். கடல்நீரில் நிறைந்திருக்கும் குளோரைட்டு, அது செவுள் வழியே மீனுக்குள் புகுவதைப் பெருமளவு தடுக்கிறது. நன்னீர் மீனுக்குள்ள அளவு ஆபத்து இங்கே இல்லை. நைத்திரைற்று இருக்கும்வரை நைத்திரேற்றுச் சோதனை பொய்யாகக் கூடுதல் காட்டும், ஆகவே அந்தத் திரவத்தை வீணாக்காதீர்கள். பயப்பட வேண்டியது அமோனியாவுக்குத்தான். பிஎச் 7இல் அதன் நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இராது, கடல்நீருக்குரிய 8.2இல், நம்மூர் 30 பாகை வெப்பத்தில், ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு.

பற்றீரியா வேலை செய்யச் செய்யக் காரத்தன்மை, அதாவது அமிலத்தை ஈடுகட்டும் திறன், குறையும். அது 7 dKHக்குக் கீழே போனபோது (இது பிஎச் அல்ல, காரத்தன்மையின் அலகு), கரைத்த அப்பச்சோடாவைச் சிறுகச் சிறுக விட்டேன். கடைத் திரவத்தின் விலையில் சிறு துண்டுதான் செலவு.

இந்தத் தொட்டியில் ஓயாத வேலை என்றால் வெப்பமும் ஆவியாதலும்தான். நீர்ப்பரப்பில் மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று பாகை இறங்கும், கூடவே நீர்மட்டமும் இறங்கும். உப்பு ஆவியாவதில்லை, குறைந்த அளவுக்கு நன்னீர்தான் விட வேண்டும். எங்கள் கிணற்று நீரிலேயே நைத்திரேற்று இருந்ததால் ஆர்ஓ (சவ்வு வழியே வடிகட்டிய) நீருக்கு மாறினேன். மின்வெட்டு நேரத்துக்கு பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் கட்டாயம்: சூடான உப்புநீரில் ஒட்சிசன் குறைவு, பற்றீரியாவுக்கும் மூச்சு வேண்டும்.

பாசிக்குடாவில் பவளக்கல் பொறுக்கலாமே என்று யோசனை சொல்பவர்களுக்கு: அது சட்டவிரோதம். பற்றீரியா குடியிருக்க வெண்களி (செரமிக்) கற்களே எனக்குப் போதுமாயின. தொடக்கத்தில் அவற்றின்மேல் பழுப்புப் பாசி படர்ந்தது. நீரில் இருந்த சிலிக்கா தீர, அதுவும் தானாகப் போய்விட்டது. அதற்கென விற்கும் மருந்தை நான் வாங்கவில்லை.