நெல் வகையா, மக்காச்சோள வகையா: படைப்புழுவைப் பிரித்தறியும் வழிகள் ஓர் ஒப்பீடு

கடலூர் மாவட்டத்தின் மேற்கே வேப்பூர், மங்களூர், திட்டக்குடி பக்கம் மக்காச்சோளம் பயிராகிறது. கிழக்கே சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் வீராணத்துத் தண்ணீரில் சம்பா நெல் விளைகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு, அமெரிக்கன் படைப்புழுவின் தாய் அந்துப்பூச்சி ஓர் இரவில் பறந்து கடக்கக்கூடியதுதான். 2018 மே மாதத்தில் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதி மக்காச்சோள வயல்களில் இந்தியாவிலேயே முதன்முறையாகக் கண்டறியப்பட்ட இந்தப் பூச்சி, தன் தாயகமான அமெரிக்கக் கண்டங்களில் இரண்டு வகைகளாக வாழ்கிறது. மக்காச்சோளம், சோளம், பருத்தி ஆகியவற்றை நாடுவது மக்காச்சோள வகை. நெல்லையும் அறுகு போன்ற புற்களையும் நாடுவது நெல் வகை. மேற்கே குருத்தைத் தின்பது எந்த வகை என்பதைப் பொறுத்தே கிழக்கே நெல் உழவர் எவ்வளவு கவலைப்பட வேண்டும் என்பது அமையும் என்பதால், வகையைப் பிரித்தறியும் முறைகளில் எதை நம்பலாம் என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பது நமக்கு அவசியமாகிறது.

முதலில் கண்ணால் பார்த்து அறியும் முறை. புழுவின் தலையில் தலைகீழான ஒய் எழுத்து வடிவில் வெளிர்க்கோடு இருப்பதும், வால் பக்கமாக எட்டாம் வயிற்றுக் கண்டத்தில் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக அமைந்திருப்பதும் இந்தப் பூச்சிக்குரிய அடையாளங்கள். புகையிலை வெட்டுப்புழு, கதிர்வெட்டும் புழு, நம் நெல்லில் நெடுங்காலமாக இருந்துவரும் படைப்புழு ஆகியவற்றிலிருந்து இதைப் பிரித்துக்காட்ட இந்த அடையாளங்கள் பெரிதும் உதவுகின்றன. அந்த வேலைக்கு ஒரு கைலென்ஸ் போதும். ஆனால் நெல் வகைப் புழுவுக்கும் மக்காச்சோள வகைப் புழுவுக்கும் இதே கோடும் இதே புள்ளிகளும்தான் உண்டு. ஆண் அந்துப்பூச்சியின் முன்னிறகு நுனியில் தெரியும் வெண்திட்டும் இரண்டுக்கும் பொதுவானதே. இறகின் வடிவத்தைப் பல புள்ளிகளில் அளந்து கணக்கிட்டால் கூட்டத்துக்குக் கூட்டம் சிறு வேறுபாடு தெரியலாம். கையில் இருக்கும் ஒற்றைப் பூச்சி எந்த வகை என்று அந்த அளவை உறுதியாகச் சொல்லிவிடாது. புழுவின் நிறத்தைப் பார்த்து வகை சொல்வதை ஏற்கவே முடியாது. உணவும் நெரிசலும் மாறினால் ஒரே தாயின் புழுக்களே பச்சையாகவும் பழுப்பாகவும் கருமையாகவும் மாறிவிடும்.

இரண்டாவது, எந்தப் பயிரில் பிடித்தோம் என்பதை வைத்து வகை சொல்வது. இது எளிதானதாகவும் இயல்பானதாகவும் தோன்றுவதால் பலரும் இதையே கையாளுகிறார்கள். ஆயினும் அமெரிக்காவிலேயே மக்காச்சோளத்தில் நெல் வகைப் புழுக்கள் கணிசமாகக் கிடைப்பதுண்டு. வகை என்பது இங்கே நாட்டத்தைக் குறிக்கிறதே தவிர, கட்டுப்பாட்டைக் குறிக்கவில்லை. புழுக்களை ஆய்வகத்தில் நெல்லிலும் மக்காச்சோளத்திலும் தனித்தனியே வளர்த்து எடையை ஒப்பிடும் சோதனைக்கும் இதே குறை உண்டு. மக்காச்சோளம் இரு வகைக்கும் ஏற்ற உணவாக இருப்பதால் முடிவுகள் மங்கலாகவே வருகின்றன.

இணைசேரும் நேரமும் இனக்கவர்ச்சி வாசனையும் ஆய்வாளருக்குச் சுவையான வேறுபாடுகள். மக்காச்சோள வகை இரவின் முற்பகுதியிலும் நெல் வகை பெரும்பாலும் பின்னிரவிலும் இணைசேர்கின்றன. பெண் பூச்சி வெளியிடும் வாசனைக் கலவையிலும் பொருள்களின் விகிதம் மாறுகிறது. ஆனால் வயலில் நாம் வைக்கும் இனக்கவர்ச்சிப் பொறி இரண்டு வகை ஆண்களையும் இழுக்கிறது, சில வேளைகளில் வேறு அந்துப்பூச்சிகளையும் சேர்த்தே இழுக்கிறது. பூச்சி வந்துவிட்டதை அறிவிக்கும் கருவியாக அதை வைத்துக்கொள்ளலாம், வகை சொல்லும் கருவியாக அல்ல.

ஆகவே உண்மையான போட்டி டி.என்.ஏ. சோதனைகளுக்குள்தான் இருக்கிறது, அதிலும் இரண்டே இரண்டுக்கு இடையில். ஒன்று, செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சி.ஓ.1 மரபணு. மற்றொன்று, இசட் என்னும் பால் குரோமோசோமில் உள்ள டி.பி.ஐ. மரபணு.

சி.ஓ.1 சோதனையே முதலில் பரவலானது. இம்மரபணுவின் ஒரு பகுதியை பி.சி.ஆர். முறையில் பெருக்கி, எம்.எஸ்.பி.1 என்னும் வெட்டுநொதியைச் சேர்த்தால் மக்காச்சோள வகையின் துண்டு வெட்டுப்படும், எஸ்.ஏ.சி.1 நொதி நெல் வகையின் துண்டை வெட்டும். ஒரு செல்லில் மைட்டோகாண்ட்ரியா ஏராளமாக இருப்பதால், பொறியில் காய்ந்துபோன பூச்சியின் ஒரு காலிலிருந்துகூடப் பெரும்பாலும் முடிவு கிடைத்துவிடும். செலவு குறைவு, செய்முறை எளிது, உலகெங்கிலுமிருந்து ஒப்பிடத் தரவும் உண்டு. இத்தனை வசதி இருந்தும் ஓர் அடிப்படைக் குறை இருக்கிறது: மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே இறங்குகிறது. நெல் வகைத் தாய் ஒன்று மக்காச்சோள வகை ஆணோடு சேர்ந்து, அதன் பெண் வாரிசுகளும் தொடர்ந்து மக்காச்சோள வகை ஆண்களோடே சேர்ந்துவந்தால், ஐந்தாம் தலைமுறையில் உட்கரு மரபணுக்களில் அந்த முதல் தாயின் பங்கு சராசரியாக 32இல் ஒன்றாகக் குறைந்துவிடும். வெப்பமான பருவத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு ஒரு தலைமுறை முடிகிறது என்பதால், அரை ஆண்டுக்குள் இது நிகழ்ந்துவிடும். அப்போதும் சி.ஓ.1 சோதனை அந்தப் பூச்சியை நெல் வகை என்றே அறிவிக்கும். ஒருவரின் தலைப்பெழுத்தை மட்டும் பார்த்து அவருடைய இருவழிச் சொந்தங்களையும் கணிப்பது போன்றதுதான் இது.

டி.பி.ஐ. சோதனை இந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கிறது. இம்மரபணுவின் நான்காம் எக்ஸானில், அதாவது புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் நான்காம் துண்டில், 183ஆம் இடத்தில் மக்காச்சோள வகைக்கு சைட்டோசின் என்னும் டி.என்.ஏ. எழுத்தும் நெல் வகைக்குத் தைமின் என்னும் எழுத்தும் அமைந்திருக்கின்றன. அந்துப்பூச்சிகளில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள், பெண்ணுக்கு ஒன்று. அந்த ஒன்று தந்தையிடமிருந்து வருவது. இதனால் பெண் பூச்சியில் படிக்கும் முடிவு கலப்பில்லாமல் தெளிவாக வருகிறது. ஆணில் இரண்டு எழுத்துகளும் ஒருசேரத் தெரிந்தால் அது கலப்பின் வாரிசு என்பதும் வெளிப்படுகிறது. இரு வகைகளுக்கும் இடையிலான வேறுபாடுகள் இசட் குரோமோசோமில் செறிந்திருப்பதால், பூச்சியின் நடத்தையோடும் பயிர் நாட்டத்தோடும் இந்த அடையாளம் நெருக்கமாக ஒத்துப்போகிறது. செய்முறையில் இது சற்றுக் கடினம் என்பதையும் சொல்லியாக வேண்டும். உட்கரு மரபணு என்பதால் நல்ல நிலையில் உள்ள மாதிரி வேண்டும். எழுத்தைப் படிக்க வரிசைப்படுத்தும் வசதியும் வேண்டும்.

ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் சேகரித்த மாதிரிகளில் இந்த இரண்டு சோதனைகளும் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசின. 2016இல் மேற்கு ஆப்பிரிக்காவில் நுழைந்து, 2018இல் இந்தியாவையும் அடுத்த ஆண்டு சீனத்தையும் எட்டிய கூட்டங்களில் பெரும்பாலானவை சி.ஓ.1 படி நெல் வகை, டி.பி.ஐ. படி மக்காச்சோள வகை. அதாவது, கடந்த காலத்தில் கலந்து, பிறகு மக்காச்சோள வகையின் பக்கம் சாய்ந்துவிட்ட பூச்சிகளே இங்கு வந்து சேர்ந்திருக்கின்றன. வயலில் நாம் காண்பதும் இதையே உறுதிசெய்கிறது: சேதம் மக்காச்சோளத்தில்தான் குவிகிறது. சி.ஓ.1 முடிவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சம்பா நெல்லுக்குப் பேராபத்து என்று எச்சரிப்பது, தேவையற்ற மருந்தடிப்பில் உழவரைத் தள்ளிவிடும். நெல் வயலில் தேவையின்றி அடிக்கும் பூச்சிக்கொல்லி, நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியைக் கட்டுக்குள் வைத்திருக்கும் சிலந்திகளையும் மிரிட் நாவாய்ப்பூச்சிகளையும் அழித்து, இல்லாத பூச்சிக்குப் பயந்து இருக்கும் பூச்சியை வளர்த்துவிடும். இதை நான் மிகவும் அஞ்சுகிறேன்.

ஒரே ஒரு சோதனைக்குத்தான் வசதி உண்டு என்றால் டி.பி.ஐ. என்பதே என் தேர்வு. இரண்டுக்கும் வசதி இருக்குமானால் சி.ஓ.1 சோதனையையும் சேர்த்துச் செய்வது நல்லது. முடிவுகள் முரண்படும் இடம்தான் பூச்சியின் கலப்பு வரலாற்றைக் காட்டுகிறது. இரண்டு சோதனைகளும் ஒரே குரலில் நெல் வகை என்று சொல்லும் மாதிரி நம் மாவட்டத்தில் என்றாவது கிடைத்தால், அதுவே உடனடியாகக் கவனிக்க வேண்டிய செய்தி.

அப்படியொரு மாதிரி கிடைக்குமானால் அது மக்காச்சோளக் குருத்தில் கிடைப்பதைவிட வேறிடத்தில் கிடைக்கவே வாய்ப்பு அதிகம். ஆகவே அண்ணாமலை நகரிலோ காரைக்காலிலோ பூச்சியியல் பயிலும் மாணவர்கள் மாதிரி சேர்க்கும்போது, நெல் நாற்றங்காலையும் வரப்பில் அடர்ந்த அறுகையும் விருத்தாசலம் பக்கத்துக் கம்பு வயல்களையும் விட்டுவிடக் கூடாது. பிடித்த புழுவை அடர்ந்த எத்தனாலில் போட்டுக் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும். ஃபார்மலினில் போட்டால் டி.என்.ஏ. கெட்டு டி.பி.ஐ. சோதனை கைகொடுக்காது. எந்தச் செடியில், எந்த வளர்ச்சிப் பருவத்தில், எந்த ஊரில் எடுத்தது என்பதைப் பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்குள்ளேயே போட்டுவிடுவது நல்லது, பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.