புராஸ்டேட் கட்டியில் ஸ்டெம் செல் தேட எந்த மார்க்கர்? சிடி44, சிடி133, ஏஎல்டிஹெச்

மதுரையில் பயோடெக் படிக்கும் பிள்ளைகள் ப்ராஜெக்ட் நேரத்தில் கேட்கும் கேள்வி இது. மார்க்கர் என்றால் ஒரு வகை செல்லை அடையாளம் காட்டும் பொருள். சிடி44, சிடி133 இரண்டும் செல்லின் மேற்பரப்புப் புரதங்கள், ஏஎல்டிஹெச் செல்லுக்குள் இருக்கும் நொதி. என் பதில்: உயிருள்ள செல் கிடைத்தால் ஏஎல்டிஹெச். மெழுகில் பதித்த திசு மட்டும்தான் என்றால் சிடி44. சிடி133-ஐத் தனியாக நம்ப வேண்டாம்.

புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆண் ஹார்மோனை அடக்கும் சிகிச்சையில் பிஎஸ்ஏ (நோயின் போக்கை அறிய ரத்தத்தில் அளக்கும் புராஸ்டேட் புரதம்) நன்றாக இறங்கும். அப்புறம் பலருக்கு நோய் திரும்பிவிடும். தப்பிப் பிழைக்கும் செல்களில் ஸ்டெம் செல் குணம் (தன்னைப் புதுப்பித்துக்கொண்டே மற்ற செல்களையும் உண்டாக்கும் திறன்) உள்ளவை இருக்கலாம் என்பதால்தான் இவ்வளவு தேடல்.

சிடி44-க்கு ஆன்டிபாடி (அந்தப் புரதத்தில் போய் ஒட்டிக் காட்டிக்கொடுக்கும் பொருள்) எளிதில் கிடைக்கும், மெழுகுத் திசுவிலும் வேலை செய்யும். ஆனால் நோயில்லாத சுரப்பியின் அடித்தள செல்களும் சாயம் ஏற்கும். ஆய்வகத்தில் வளர்க்கும் புராஸ்டேட் புற்றுநோய் செல் வகையான பிசி-3-இல் பெரும்பாலானவை பாசிட்டிவ். எல்லாமே ஒளிர்ந்தால் யாரைப் பிரித்தெடுப்பது?

புராஸ்டேட் கட்டி ஆய்வில் சிடி133 பேசப்பட்டது 2005-இல். இங்கிலாந்தின் யார்க் குழு சிடி44, ஆல்ஃபா2பீட்டா1 இன்டெக்ரின் (இன்னொரு மேற்பரப்புப் புரதம்), சிடி133 மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது, கட்டியில் சுமார் 0.1% செல்களே தேறின. ஊசி பயாப்சியில் வரும் நூல் போன்ற திசுவில் அவ்வளவு அரிதான செல்லை எப்படிப் பிடிப்பது? அதோடு, சிடி133-ஐக் காணப் பலரும் பயன்படுத்தும் ஏசி133 ஆன்டிபாடி, புரதத்தில் சர்க்கரை ஏறியிருக்கும் விதத்தைப் பொறுத்தே ஒட்டும். சாயம் ஏறவில்லை என்பதற்காகப் புரதமே இல்லை என்று எழுதிவிட முடியாது.

ஏஎல்டிஹெச் எனக்குப் பிடிக்கக் காரணம், அது நொதி வேலை செய்கிறதா என்றே பார்க்கிறது. செல்லுக்குள் போகும் சாயப்பொருளை நொதி மாற்றியதும் அது எளிதில் வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கி ஒளிரும். இந்த நொதியை நிறுத்தும் டிஇஏபி என்ற தடுப்பானைச் சேர்த்த குழாயை வைத்துத்தான், செல்களின் ஒளியை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் கேட் (பாசிட்டிவ், நெகட்டிவ் எல்லைக்கோடு) போட வேண்டும். மாதிரிக்கு மாதிரி தனிக் குழாய், இதில் சிக்கனம் கூடாது. சாயம் ஏற்றிய பிறகு செல்களைக் குளிரில் வையுங்கள், இல்லாவிட்டால் செல்லின் பம்புகள் அதை வெளியே தள்ளிவிடும். ஃபார்மலினில் போட்ட திசு இதற்கு ஆகாது. ஊருக்குள் ஆபரேஷன் முடிந்த திசு, காளவாசல் நெரிசல் தாண்டிப் பல்கலை நகர் போவதற்குள் கெடாதிருக்க ஐஸ் பெட்டியும், முன்கூட்டியே பேசி வைத்த ஆளும் வேண்டும்.

எந்த மார்க்கரானாலும், பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் பிரித்து எலியில் செலுத்தி, எது குறைந்த எண்ணிக்கையில் கட்டி உண்டாக்குகிறது என்று பார்த்தால்தான் நம்புவேன். எலி வசதி இல்லையென்றால் ஸ்பியர் சோதனை (ஒரு செல் மிதந்தபடியே பெருகி உருண்டையாகிறதா என்று பார்ப்பது) செய்யலாம். குழிக்கு ஒரு செல் வீதம் போடுங்கள். கூட்டமாகப் போட்டால், ஒட்டிக்கொண்டு உருண்டையானதையும் வளர்ந்தது என்று எண்ணிவிடுவோம்.